ஹுவாய்சாய் – லுவாங் பிரபாங் ஸ்லோ போட்: இடுப்பு போச்சு, ஆனாலும் போகலாம்

மார்க்கை முதலிலேயே போட்டுவிடுகிறேன், அப்புறம் கதை. ஐந்துக்கு மூன்றரை. இருக்கைக்கு ஒன்று, கழிப்பறைக்கு அரை, சத்தத்துக்கு முட்டை, ஆற்றுக்கு ஐந்துக்கு ஐந்து, கூட வந்த ஆட்களுக்கும் ஐந்துக்கு ஐந்து. இதைக் கூட்டி வகுத்தால் மூன்றரை வராது என்று எனக்கும் தெரியும்.

விஷயம் இதுதான். லாவோஸின் வடமேற்கு மூலையில், தாய்லாந்துக்கு நேர் எதிர்க்கரையில் ஹுவாய்சாய் என்று ஓர் ஊர். அங்கே காலையில் ஏறினால் மெகாங் ஆற்றிலேயே இரண்டு பகல் போய், நடுவில் பாக்பெங் என்ற ஊரில் ஒரு ராத்திரி தங்கவைத்து, மறுநாள் சாயங்காலம் லுவாங் பிரபாங் பக்கத்தில் இறக்கிவிடும் மரப்படகு. சுமார் 300 கிலோமீட்டர். இதே தூரத்தை ஆறேழு மணி நேரத்தில் முடிக்கும் ஸ்பீட் போட்டும் உண்டு. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், தண்ணீர் இறங்கிப் பாறைகள் தலைகாட்டுகிற மாதங்களில் அதில் ஏறுகிற தைரியம் எனக்கு இல்லை. நாங்கள் போனது 2023 ஜனவரியில்.

நாங்கள் என்றால் நானும் மாமாவும். அம்மாவின் தம்பி, பொதுப்பணித்துறையில் பாசனப் பக்கமே முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர், எந்த ஊருக்குப் போனாலும் கோயிலைப் பார்க்கும் முன்னால் மதகைப் பார்க்கிற ரகம். "கடலே இல்லாத நாட்டுல படகுல போறதுக்கா ஃப்ளைட் ஏறி வந்தோம், மாப்ள?" என்று கிளம்பும்போதே கேட்டார்.

நியாயமான கேள்விதான். தென்கிழக்கு ஆசியாவில் கடல் தொடாத ஒரே நாடு லாவோஸ். சீனா, வியட்நாம், கம்போடியா, தாய்லாந்து, மியான்மர் என்று ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, மெகாங் கடைசியில் கடலில்தானே கலக்கிறது, அது வழியாகவே கப்பல் மேலே வரலாமே என்று யாருக்கும் தோன்றும். பிரெஞ்சுக்காரர்களுக்கும் தோன்றி, 1866-ல் ஒரு குழுவை ஆற்றோடு மேலே அனுப்பிப் பார்த்தார்கள். லாவோஸின் தெற்கு எல்லையில் கோன் அருவிகள் குறுக்கே நின்று அந்த ஆசையை முடித்துவைத்தன. விடாமல் பிற்பாடு அங்கே இருக்கிற தீவுகளில் ஒரு குட்டி ரயில் பாதை போட்டு, படகையும் சரக்கையும் அருவியைச் சுற்றி இழுத்துக்கொண்டு போனார்கள், அதுவும் 1940-களோடு நின்றுபோனது. ஆக, கடலுக்குப் போக வழி விடாத ஆறு, ஆனால் நாட்டுக்குள்ளே அதுதான் பெரிய ரோடு. நிலத்தில் முக்கால் பங்கு மலையும் மேட்டு நிலமுமாக இருக்கிற ஊரில் வேறு எப்படி இருக்க முடியும்?

டிக்கெட் விஷயத்தில் நான் செய்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்ய வேண்டாம். தாய்லாந்துக் கரையில் ஒரு ஏஜென்ட், பெயர் எதற்கு, "பாலத்திலிருந்து படகு வரை நாங்களே கூட்டிப்போவோம், முன்பக்க இருக்கை உறுதி" என்று சொல்லி ஒன்றரை மடங்கு பணம் வாங்கிக்கொண்டு சட்டையில் ஆளுக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார். அக்கரையில் அந்த ஸ்டிக்கரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்பக்க இருக்கை என்பது அங்கே யார் முதலில் துணிப்பையை வைக்கிறாரோ அவருடையது. படித்துறையிலேயே டிக்கெட் கவுன்டர் இருக்கிறது, நேராகப் போய் வாங்குங்கள், எங்கள் சமயத்தில் ஆளுக்கு நாலு லட்சம் கிப் பக்கம் ஆனது. பயந்துவிடாதீர்கள், அப்போது ஒரு டாலருக்குப் பதினேழாயிரம் கிப். இரண்டு வருஷம் முன்னால் அதே டாலர் பத்தாயிரத்துக்கும் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அங்கே கடைக்காரர்கள் விலைப் பலகையை ஏன் சாக்பீஸால் எழுதுகிறார்கள் என்று புரியும். 2023 தொடக்கத்தில் விலைவாசி ஏற்றம் 40 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சில்லறைக் காசே கிடையாது, எல்லாம் நோட்டு. பெரும்பாலான நோட்டில் ஒரே முகம்: கைசோன் போம்விகான், 1975-ல் இந்த ஆட்சியைக் கொண்டுவந்த கட்சித் தலைவர். பர்ஸில் அவர் இருபது முப்பது பேராக இருப்பார், வாங்கக் கூடியது இரண்டு வேளைச் சாப்பாடு.

பாலம் என்றேனே, அது நான்காவது தாய்–லாவோ நட்புப் பாலம், 2013 டிசம்பரில் திறந்தது. தாய்லாந்தில் இடதுபக்கம் ஓட்டுகிறார்கள், லாவோஸில் வலதுபக்கம். பாலத்தைக் கடக்கும் பஸ் ஓரிடத்தில் அமைதியாகப் பக்கம் மாறுகிறது. மாமா அதைப் பார்க்கவே கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தார்.

இனி படகு. முப்பது மீட்டருக்கு மேல் நீளம், அகலம் அதற்குச் சம்பந்தமே இல்லாமல் ஒல்லி, மேலே கூரை, பக்கவாட்டில் திறப்பு. உள்ளே இருக்கைகள் எல்லாம் பழைய வேன்களிலிருந்து கழற்றி எடுத்தவை, இரண்டிரண்டாக மரச்சட்டத்தில் வைத்து வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள், தரையோடு முடுக்கவில்லை. எனக்குக் கிடைத்ததில் சீட் பெல்ட்டின் ஒரு பாதி மட்டும் தொங்கியது. முன்னால் இருப்பவர் சாய்ந்தால் அவர் சீட்டோடு உங்கள் மடிக்கு வருவார். ஏறும்போதே செருப்பைக் கழற்றிக் கையில் ஒரு பையைக் கொடுத்துவிடுகிறார்கள், அதில் போட்டுக்கொள்ள வேண்டும், காரணம் அது அவர்களுக்கு வீடு. ஓட்டுபவர் முன்னால் மூக்கு நுனியில், அவர் பக்கத்தில் ஒரு தம்ளரில் பூவும் ஊதுவத்தியும். பின்னால் லாரி எஞ்சின், அதற்கும் பின்னால் அவர் மனைவி அடுப்பு, குழந்தை, துணிக்கொடி சகிதம் குடித்தனம். கழிப்பறை எஞ்சினை ஒட்டி இருக்கிறது. போகிறவர் குனிந்து போக வேண்டும், வருகிறவர் காதைப் பொத்திக்கொண்டு வருவார். எஞ்சின் பக்கத்தில் இடம் கிடைத்தவர்கள் இரண்டு நாளும் சைகையில்தான் பேசினார்கள்.

சொன்ன நேரத்துக்குக் கிளம்பாது. பதினொன்றரை என்றார்கள், பன்னிரண்டே கால் ஆனது. யாரோ ஒரு அம்மாவுக்காக நின்றது, அவர் இரண்டு மூட்டை அரிசியும் ஒரு தகர டிரங்குப் பெட்டியுமாக வந்தார், பின்னாலேயே ஒரு மோட்டார் சைக்கிளைப் பலகை வைத்து உருட்டி ஏற்றினார்கள். வெள்ளைக்காரப் பையன் ஒருவன் கடிகாரத்தைக் காட்டிக் கேட்டதற்குப் படகுக்காரர் "போ பென் ஞாங்" என்று சிரித்தார். பரவாயில்லை, ஒன்றும் இல்லை, போகட்டும் விடு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தைதான்.

முதல் கொஞ்ச தூரம் வலது கை தாய்லாந்து, இடது கை லாவோஸ். மாமாவுக்கு ஆற்றை எல்லையாக வைப்பதே பிடிக்காது, "இருக்கற தண்ணிச் சண்டை பத்தாதா" என்பார். இந்த எல்லை எப்படி வந்தது என்பதற்குக் கதை இருக்கிறது. 1353-ல் ஃபா ங்கும் என்ற அரசர் லான் சாங் ராஜ்யத்தை நிறுவியபோது ஆற்றின் இரண்டு பக்கமும் லாவோ பேசுகிறவர்கள்தான். பிற்காலத்தில் ராஜ்யம் உடைந்து சயாமின், அதாவது அன்றைய தாய்லாந்தின், கைக்குப் போனது. 1893-ல் பிரெஞ்சுக்காரர்கள் பீரங்கிப் படகைக் கொண்டுபோய் பாங்காக்கை மிரட்டி இடது கரையை வாங்கிக்கொண்டார்கள், வலது கரை சயாமிடமே நின்றது. அதனால்தான் இன்றைக்குத் தாய்லாந்தின் ஈசான் பகுதியில் லாவோ பேசுகிறவர்கள் லாவோஸில் இருப்பவர்களைவிட அதிகம். ஒரே பாட்டு, ஒரே பப்பாளி சாலட், இரண்டு பாஸ்போர்ட். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஆறு கிழக்கே திரும்பியதும் இரண்டு கரையும் லாவோஸாகிவிடுகிறது. இந்தப் பக்கத்து வலது கரையை 1904-ல் இன்னொரு ஒப்பந்தத்தில் பிரெஞ்சுக்காரர்கள் சேர்த்துக்கொண்டார்கள். செக்போஸ்ட், மொபைல் டவர், சூதாட்ட விடுதி எல்லாம் மறைந்து மலை மட்டும் மிச்சம்.

மலை என்றால் உச்சி தெரிகிற பெரிய மலை இல்லை, ஒன்றன் பின்னால் ஒன்றாக மடிப்பு மடிப்பாக, தேக்குத் தோட்டம், மூங்கில், நடுவில் சொட்டையாக வெட்டி எரித்த சரிவு. அங்கே மலை நெல் போடுகிறார்கள். நாட்டின் உயரமான சிகரம் பூ பியா இங்கே இல்லை, இன்னும் கிழக்கே, 2,800 மீட்டர் சொச்சம். இந்தப் பகுதியின் அழகு ஆற்றங்கரையில்தான். ஜனவரியில் தண்ணீர் இறங்கியிருக்கும், மழைக்காலத்தில் எது வரை இருந்தது என்று பாறையில் கறையாகத் தெரிகிறது. மாமா அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பத்து மீட்டருக்குக் குறையாது மாப்ள" என்றார். தண்ணீர் விட்டுப்போன வண்டலில் வேர்க்கடலையும் கீரையும் போட்டு மூங்கில் வேலி கட்டியிருந்தார்கள். மே, ஜூனில் ஆறு வந்து அதை வாங்கிக்கொள்ளும், அதற்குள் ஒரு பயிர் எடுத்துவிட வேண்டும். பாறைகளின் மேல் சின்னச் சின்ன கான்கிரீட் தூண்கள், வழிகாட்டிக்கு. படகுக்காரர் அவற்றைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. சுழல் வருகிற இடத்தில் எஞ்சினைக் குறைத்து, படகைக் கொஞ்சம் குறுக்கே விட்டு, சுழலின் விளிம்பிலேயே வழுக்கிக்கொண்டு போய் மறுபடி நேராக்கினார், அந்த நேரம் மட்டும் வாயில் இருந்த சிகரெட் அசையவில்லை.

படகு திடீர் திடீரென்று மணல்மேட்டில் போய் முட்டும். பலகை போடக்கூட மாட்டார்கள். மூட்டையோடு ஒருவர் குதிப்பார், கோழிக் கூடையோடு ஒருவர் ஏறுவார், சுற்றுவட்டாரத்தில் வீடே தெரியாது, மேலே ஒற்றையடிப் பாதை மட்டும் போகும். சுற்றுலாப் படகு என்று நினைத்து ஏறியவர்களுக்கு இது எரிச்சல். எனக்கு இதுதான் டிக்கெட்டுக்கு ஆன காசு. இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் சதுர கிலோமீட்டர் நாட்டில் மொத்த ஜனம் 75 லட்சம் அளவுதான். பக்கத்தில் வியட்நாமில் 10 கோடி, தாய்லாந்தில் 7 கோடி. அந்த எண்ணிக்கையைப் படித்தால் ஒன்றும் தோன்றாது. நாற்பது நிமிஷம் ஆற்றில் போயும் கரையில் ஒரு மனுஷனைப் பார்க்காமல், பிறகு ஒரே ஒரு சின்னப் பையன் தனியாக எருமையைக் கழுவிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் புரிகிறது.

ஆட்களைப் பற்றிச் சொல்ல ஆயிரம் கிப் நோட்டைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. அதில் கைசோன் இல்லை, மூன்று பெண்கள் நிற்கிறார்கள், மூன்று உடை. தாழ்நில லாவோ, நடுமலை லாவோ, உச்சிமலை லாவோ: லாவோ லும், லாவோ தெங், லாவோ சுங். யார் எந்த உயரத்தில் குடியிருக்கிறார்கள் என்பதை வைத்து மனிதர்களைப் பிரிக்கிற வழக்கம் எனக்கு விசித்திரமாக இருந்தது. அரசாங்கம் இப்போது இப்படிப் பிரிப்பதில்லை, 50 இனக்குழுக்கள் என்று பெயர் சொல்லி எண்ணுகிறது. ஆனால் பேச்சில் இது போகவில்லை. 2015 கணக்குப்படி பாதிக்குக் கொஞ்சம் மேல் லாவோ இனத்தவர், அடுத்து க்மு சுமார் 11 சதவீதம், ஹ்மோங் 9 சதவீதம். அரிசி மூட்டை அம்மா க்மு. அவர்கள் லாவோ இனத்தவர் வருவதற்கு முன்னாலிருந்தே இந்த மலைகளில் இருப்பவர்கள். லாவோ நன்றாகப் பேசினாலும் தன் மகளிடம் பேசியது வேறு மொழி, எனக்கே வித்தியாசம் காதில் விழுந்தது.

அந்த அம்மா சாப்பிட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். மூங்கில் பின்னிய சின்ன உருளைக் கூடை, மூடியோடு, அதற்குள் ஒட்டரிசி. தட்டு கிடையாது. மூன்று விரலால் ஒரு எலுமிச்சை அளவுக்குப் பிய்த்து, உள்ளங்கையில் வைக்காமல் விரல் நுனியிலேயே உருட்டி, ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் குழியாக்கி, மிளகாய்த் துவையலில் ஒரு தொடு தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். ஒரு பருக்கை சிந்தவில்லை, கையும் ஈரமில்லை. என்னிடம் கூடையை நீட்டினார். நான் உருட்டியது அஞ்சு விரலிலும் ஒட்டிக்கொண்டது, அவர் மகள் சிரித்து உருண்டாள். அவித்த ஒட்டரிசிதான் அங்கே சோறு, நாம் சாப்பிடுவது போல உதிரிச் சோறு சாப்பிட்டால் வயிறு நிற்காது என்கிறார்கள். சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பப்பாளி சாலட் சைவம் என்று நம்பாதீர்கள், அதில் படேக் என்று மாதக்கணக்கில் ஊறிய மீன் சாறு போடுவார்கள். படகில் விற்பது கப் நூடுல்ஸ், சிப்ஸ், பியர், அதுவும் கரை விலைக்கு இரண்டு மடங்கு. ஹுவாய்சாயிலேயே வாழைப்பழமும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். நீளமான பிரெஞ்சு ரொட்டி எல்லாச் சந்தையிலும் கிடைக்கிறது, ஆண்டவர்கள் விட்டுப்போனதில் உருப்படியானது அதுதான்.

இருட்டும் நேரத்துக்கு பாக்பெங். செங்குத்தான ஒரே தெரு, இருபக்கமும் விடுதிகள், படகுக் கூட்டத்தை நம்பியே ஊர். எங்கள் அறையில் வெந்நீர் வரும் என்றார்கள், வந்தது, ஒரு சொம்பு. பெயர் சொல்ல மாட்டேன், எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. விடுதிக்கார அம்மா பாஸ்போர்ட்டை வாங்கி ஒரு நீள நோட்டில் எல்லாவற்றையும் கையால் எழுதினார், போலீஸுக்குக் காட்ட வேண்டுமாம். வாசலில் இரண்டு கொடி. ஒன்று தேசியக் கொடி: மேலும் கீழும் சிவப்பு, நடுவில் நீலம், அதில் வெள்ளை வட்டம். நீலம் மெகாங், வட்டம் அதன் மேல் முழு நிலா என்று சொல்கிறார்கள், கம்யூனிஸ்ட் நாட்டுக் கொடியில் நட்சத்திரம் இல்லாதது இதில்தான் பார்த்தேன். பக்கத்திலேயே அந்தக் குறையைத் தீர்க்கக் கட்சிக் கொடி, அரிவாள் சுத்தியலோடு.

கட்சி என்றால் ஒன்றே ஒன்றுதான், லாவோ மக்கள் புரட்சிக் கட்சி. 1975 டிசம்பர் 2-ஆம் தேதி மன்னராட்சியை முடித்துக் குடியரசு அறிவித்தது முதல் அதுதான். தேர்தல் உண்டு, 2021-ல் நடந்ததில் 164 இடத்தில் 158 கட்சிக்கு, மீதி ஆறு சுயேச்சை. அதே வருஷம் கட்சிப் பொதுச்செயலாளரான தொங்லுன் சிசுலித்தான் ஜனாதிபதியும். நாங்கள் போவதற்குச் சரியாகச் சில வாரம் முன்னால் பிரதமர் மாறியிருந்தார். பன்காம் விபவன் வயதைக் காரணம் சொல்லி விலக, முன்னாள் ஜனாதிபதி காம்தாய் சிபன்டோனின் மகன் சோன்சாய் வந்தார். வாரிசு எல்லா ஊரிலும்தான் போலிருக்கிறது. இதைப் பற்றிப் படகில் யாரிடமும் கேட்கவில்லை, கேட்பதும் நாகரிகம் இல்லை, பதில் சொல்வது அவர்களுக்குத்தான் சங்கடம். அரசாங்கம் அவர்களுக்குத் தெரிவது வேறு உருவத்தில்: காலை ஆறு மணிக்கு மின்கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கி. செய்தியா அறிவிப்பா தெரியவில்லை, நடுவில் ஒரு பாட்டு. மாமா போர்வைக்குள்ளிருந்து, "மார்கழி மாசம் இங்கயும் வந்துடுச்சா?" என்றார்.

அதே காலையில் கீழே தெருவில் பிக்குகள் வரிசையாகப் போனார்கள், கட்சிக் கொடி தொங்கிய வீட்டுக்காரரே மண்டியிட்டு ஒட்டரிசி போட்டார். 1991-ல் அரசியல் சாசனம் வந்தபோது தேசியச் சின்னத்திலிருந்து அரிவாள் சுத்தியலை எடுத்துவிட்டு தலைநகர் வியன்டியானில் இருக்கும் தாட் லுவாங் ஸ்தூபியை வைத்தார்கள் என்று படித்திருந்தேன். தெருவில் பார்த்ததும் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

இரண்டாம் நாள் ஒன்பது மணிக்கு மூடுபனியில் கிளம்பியது, வேறு படகு, முந்தையதைவிடச் சின்னது, அதே கூட்டம். ஸ்வெட்டர் இல்லாமல் வராதீர்கள், வெப்ப நாடு என்று நினைத்து வந்தவர்கள் எல்லாம் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் பக்கத்தில் ஒரு இளைஞர், பள்ளி ஆசிரியர், கல்யாணம் ஒன்றுக்காகச் சொந்த ஊர் ஷியெங்குவாங்குக்குப் போகிறவர். கொஞ்சம் ஆங்கிலம் தெரியும், என்னைவிட மாமாவோடு சீக்கிரம் ஒட்டிக்கொண்டார், "லுங்" என்று கூப்பிட்டார், பெரியப்பா மாதிரி. பையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துக் காட்டினார். லேசாக, காகிதம் மாதிரி கனம் இல்லாத அலுமினியம், பிடியில் அச்சின் சொரசொரப்பு. அவர் ஊர்ப் பக்கம் நாபியா கிராமத்தில் குண்டுச் சிதறல்களை உருக்கி வார்க்கிறார்கள்.

1964 முதல் 1973 வரை அமெரிக்கா இந்த நாட்டின் மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது, 5,80,000 முறை விமானங்கள் வந்துபோயின. 1962 ஜெனீவா ஒப்பந்தப்படி லாவோஸ் நடுநிலை நாடு, அதனால் அங்கே போர் நடப்பதாகவே அமெரிக்கா ஒப்புக்கொள்ளவில்லை, ரகசியப் போர் என்று அதற்குப் பெயர். வியட்நாம் போரில் வட வியட்நாம் தெற்கே ஆளும் ஆயுதமும் அனுப்பிய, கிழக்கு மலை வழியாகப் போன ஹோ சி மின் பாதை ஒரு காரணம், ஷியெங்குவாங் சமவெளியில் நடந்த சண்டை இன்னொன்று. கொத்துக் குண்டுகளுக்குள் இருந்த சின்ன உருண்டைகள் மட்டும் 27 கோடி, அதில் 30 சதவீதம் வரை வெடிக்கவே இல்லை என்கிறார்கள். ஆசிரியர் அதை "பாம்பி" என்றார், தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கு முன்னால் சொல்லிக்கொடுப்பது அதன் படத்தைத்தானாம், பந்து மாதிரி இருக்கும், எடுக்காதே என்று. மாமா ஸ்பூனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தார். அவர் வாங்கிக்கொள்ளவில்லை. இப்போது அது எங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஊறுகாய்க்குப் போடக் கூடாது, அலுமினியம், கறுத்துவிடும்.

மத்தியானத்துக்கு மேல் ஒரு வளைவில் கரை திடீரென்று சிவப்பாக மாறியது. மலையைச் செதுக்கி ரோடு, லாரிகள், கிரேன். லுவாங் பிரபாங் அணை, 1,460 மெகாவாட், நகரத்துக்கு 25 கிலோமீட்டர் மேலே. மாமா எழுந்து நின்றுவிட்டார். நகரத்துக்குக் கீழே சயாபுரியில் 2019-லேயே ஒன்று ஓட ஆரம்பித்துவிட்டது, 1,285 மெகாவாட், கிட்டத்தட்ட முழுக்க தாய்லாந்துக்கு விற்பனை. மின்சாரம்தான் இந்த நாட்டின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று, 'தென்கிழக்கு ஆசியாவின் பேட்டரி' என்று அரசே சொல்லிக்கொள்கிறது. கடலும் இல்லை, ஆளும் குறைவு, இருப்பது மலையும் தண்ணீரும், வேறு எதை விற்பார்கள் என்று மாமா கேட்டார், நானும் தலையாட்டினேன். ஆனால் 2018 ஜூலையில் தெற்கே அட்டபூவில் ஒரு துணை அணை உடைந்து கிராமங்களையே அடித்துக்கொண்டு போனதும் நினைவுக்கு வந்தது. அதைவிட உடனடியாக என் மனதில் வந்த சுயநலக் கேள்வி: அணை முடிந்தால் இந்தப் படகு? நீங்கள் போகும்போது வழி எது வரை, எங்கே இறக்கி ஏற்றுகிறார்கள் என்று ஹுவாய்சாயிலேயே விசாரித்துவிடுங்கள். "அணை கட்டுனவன் நான், ஆனா இதைப் பார்க்கப் பிடிக்கல" என்று மாமா உட்கார்ந்தார், அதற்கப்புறம் பாக் ஊ குகைகள் வரும் வரை பேசவே இல்லை. நாம் ஊ ஆறு வந்து சேர்கிற இடத்தில், சுண்ணாம்புப் பாறைக்குள் ஆயிரக்கணக்கில் புத்தர் சிலைகள். படகு நிற்காது, ஓட்டத்தில் ஒரு பார்வைதான்.

கடைசிக் குறை: படகு நகரத்தில் இறக்காது. பத்து கிலோமீட்டர் முன்னாலேயே ஒரு படித்துறை, மேலே ஏறினால் டுக்-டுக் டிக்கெட் தனி. எல்லோரும் கத்துகிறார்கள், எல்லோரும் வாங்குகிறார்கள். நாங்களும்.

லுவாங் பிரபாங் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள், 1995-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிற ஊர். நான் ஒன்றுதான் சொல்வேன்: பழைய அரண்மனைக்குப் போங்கள், இப்போது அது தேசிய அருங்காட்சியகம். கடைசி மன்னர் சவாங் வத்தனாவின் படுக்கையறை அப்படியே இருக்கிறது. அவரை மறுகல்வி முகாமுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. அரண்மனையில் அதைப் பற்றி ஒரு வரி எங்கள் கண்ணில் படவில்லை.

திரும்பும்போது ரயில். 2021 டிசம்பரில் திறந்த சீன எல்லை–வியன்டியான் பாதை, 400 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், கிட்டத்தட்ட 600 கோடி டாலர், பெரும்பகுதி சீனக் கடன். லுவாங் பிரபாங்கிலிருந்து தலைநகரம் இரண்டே மணி நேரம், முன்பு பஸ்ஸில் ஒரு பகல் முழுக்க ஆகும். நிமிஷம் தவறவில்லை, ஏசி, சுத்தமான கழிப்பறை, சீட் தரையோடு முடுக்கியிருந்தது. ஜன்னலில் சுரங்கம், சுரங்கம், ஒரு நொடி பச்சை, மறுபடி சுரங்கம். ஊர்க்காரர்கள் பாதிப் பெட்டி நிறைய இருந்தார்கள், சந்தோஷமாக இருந்தார்கள், அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் ரயிலைத்தான் எடுப்பேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் எதற்கு இரண்டு நாள் ஆற்றில் உட்கார வேண்டும்? நேரம் இருக்கிற வெளியூர்க்காரருக்குத்தான் படகு. ரயிலில் நான் பார்த்தது வேகமாகப் போகும் ஒரு நாடு, படகில் பார்த்தது அது ஏன் இத்தனை நாள் மெதுவாகப் போனது என்பதை.

போகிறவர்களுக்கு: நவம்பர் முதல் பிப்ரவரி நல்ல நேரம். மார்ச், ஏப்ரலில் மலையெல்லாம் எரிப்பார்கள், புகையில் ஒன்றும் தெரியாது. காலை ஒன்பதுக்கே படித்துறைக்குப் போய், முன்பாதியில், கிளம்பும் திசையைப் பார்த்து இடது பக்கம் துணிப்பையை வையுங்கள், மத்தியான வெயில் வலது பக்கம் அடிக்கிறது. இடுப்புக்கு ஒரு தலையணை, படித்துறைக் கடையிலேயே விற்கிறார்கள். மாமா வாங்க வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார், பாக்பெங்கில் இறங்கும்போது என்னைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார், மறுநாள் காலையில் படகுக்கு வரும்போது அவர் கையில் இரண்டு தலையணை இருந்தது.